அறுபது சொற்கள்

அறுபதைத் தாண்டக் கூடாது என்கிறார் இயக்குநர் தோவான்.
பள்ளிப் பிள்ளைகள் நின்று வாசிக்க மாட்டார்களாம்.
அட்டை சின்னது. ஆள் பெரியவர்.

கண்ணாடிப் பெட்டியில் டயர்ச் செருப்பு ஒரு ஜோடி.
"தோழர் லுவாங் காக் லியெம் அணிந்தவை"
என்று தொடங்குகிறேன். ஐந்தாவது சொல்லிலேயே பொய்.
அவருடையவை குண்டு விழுந்த நாளில்
கிடங்கோடு எரிந்துபோயின.
இவை பின்வாசல் காவல்காரர் லாக் கழற்றிக் கொடுத்தவை.
இடது குதிகால் கூடுதலாய்த் தேய்ந்திருக்கும்:
லாக் நொண்டுவார்.
வருகிறவர்களோ அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான்
கண் கலங்குகிறார்கள்.

நாம்தின் நூற்பாலையில்
பதினோரு வயதில் அறுந்த இழை முடிந்தவர்.
ஒரு வேலைநிறுத்தம், ஒரு காட்டிக்கொடுப்பு,
கொன் தாவ் தீவுச் சிறையில் ஆறு மழைக்காலம்.
அங்கே சுவரைத் தட்டித் தட்டி
அடுத்த அறைக்காரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாராம்.
புரட்சி அப்புறம்,
முதலில் ஏழாம் வாய்ப்பாடு.
எனக்கு இந்த லியெமைப் பிடிக்கும்.
அட்டையில் இவருக்கு இடமில்லை.

தலைமறைவில் அவர் பெயர் உப்பு.
டே ஆற்றங்கரை ஊர்களில்
காவடிக் கூடையோடு உப்பு விற்று நடந்தவர்.
கீழே உப்பு, அதற்கும் கீழே துண்டறிக்கை.
பிரெஞ்சுக்காரன் நாய்களோடு வந்த இரவில்
சுயென் என்ற விதவை, பதினெட்டு ஏக்கர்க்காரி,
குதிரில் கிடந்த நெல்லை அள்ளி வெளியே போட்டு
அவரை உள்ளே இறக்கினாள்,
மேலே உமியைக் கொட்டினாள்.
நாலு நாள்.
மூங்கில் குழாய் வழியே மூச்சு,
அதே குழாய் வழியே கஞ்சி.
உப்புக்கு உப்பிட்டவள் அவள்.

பதினோரு ஆண்டு கழித்து நிலச் சீர்திருத்தம்.
மேசை, சிவப்புத் துணி, பட்டியல்.
பதினேழாவது பெயர் சுயென்.
ஏழு பேர் கையெழுத்திட வேண்டிய தாள்.
காப்பகத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள் நான்.
ஆறு கையெழுத்து.
ஏழாவது கட்டத்தில், லியெமின் கட்டத்தில்,
பேனாவை ஊன்றிய இடத்தில் ஒரு மைப்பொட்டு.
தாளின் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறது.
எவ்வளவு நேரம் ஊன்றினால்
அவ்வளவு மை இறங்கும்?

ஒப்பவுமில்லை, மறுக்கவுமில்லை.
ஆறே போதுமென்று காரியம் முடிந்தது,
மூங்கில் புதருக்குப் பின்னால்.

மறு ஆண்டு வானொலி சொன்னது, தவறுகள் திருத்தப்படும் என்று.
சுயெனுக்கும் ஒரு தாள் வந்தது,
வகைப்பாடு மாற்றப்பட்டதாக.
தபால்காரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
குதிரின் மூடிமேல் வைத்துப் போனான்.

பிறகு அவர் வாய்க்கால் வெட்டினார்.
முழங்கால் சேற்றில் நின்று, ஊர் ஊராக.
அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு
இன்று மதியமும் நான் தின்றேன்.
நன்றி கெட்டவள் இல்லை நான்.
அதனால்தான் எழுத வரவில்லை.

கடைசி வருடங்களில் கஞ்சியில்
உப்பே போடவிடவில்லை என்றார் சமையல்காரர்.
இரத்த அழுத்தம் என்கிறது மருத்துவக் குறிப்பு.
இரண்டில் எதை நான் நம்ப?

இப்போது அவர் பெயரில் ஒரு தெரு.
லியெமில் திரும்பினால் பஞ்சர் கடை என்கிறார்கள்,
லியெமில் பீர் மலிவு என்கிறார்கள்.
மகன் லைப்சிக்கில் பூக்கடை வைத்திருக்கிறான்.
செருப்பின் புகைப்படம் அனுப்பினேன்.
ஒரு வரி பதில்: "அப்பாவின் பாதம் இன்னும் சின்னது.
இருக்கட்டும், மாற்ற வேண்டாம்."

விளக்கணைக்கும் நேரம்.
பிறப்பு, ஆலை, சிறை, வாய்க்கால், பதக்கங்கள்.
ஐம்பத்தொன்பது ஆயிற்று.
மிச்சமிருந்த ஒரு சொல்லை
கடைசியில், தனியாக எழுதினேன்:
உப்பு.

எழுத்துப்பிழையா என்றார் தோவான்.
புனைபெயர் என்றேன்.
ஓ, என்று
நிமிர்ந்து பார்க்காமலே
கையெழுத்துப் போட்டார்.